ஒப்புக்கொண்டது 11.25%, வசூலிப்பது 12.50%: கல்விக் கடன் வட்டியை எப்படிக் கேள்வி கேட்பது?

கேள்வி: என் மகள் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பு படிக்கிறாள். 2024 டிசம்பரில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 30 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினோம். அடமானம் எதுவும் இல்லை. நான் இணைக் கடன்தாரர். சாங்ஷன் லெட்டரில் (அனுமதிக் கடிதம்) வட்டி 11.25%, 'ஃப்ளோட்டிங்', அதாவது அவ்வப்போது மாறக்கூடியது, என்று இருக்கிறது. இதுவரை 18 லட்சம் விடுவித்திருக்கிறார்கள். படிப்புக் காலத்தில் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவருகிறோம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. டிசம்பர் மாதத்துக்கு 17,199 ரூபாய் பிடித்தார்கள். ஜனவரிக்கு 19,110 ரூபாய் பிடித்துவிட்டார்கள். புதிதாகக் கடன் தொகை எதுவும் விடுவிக்கப்படவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் 'ரேட் ரீசெட் ஆகியிருக்கிறது, சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது' என்கிறார்கள். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வரும்போது எங்களுக்கு மட்டும் எப்படி ஏறும்? பழைய தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியை நிறுத்தி வைக்கலாமா? யாரிடம் முறையிடுவது?

பதில்: முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தையதற்குப் பதில். நிறுத்தி வைக்காதீர்கள். கேட்ட தொகை முழுவதையும் கட்டுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதத் தொகையைத் தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த ஒப்புதலான நாச் மேண்டேட்டை ரத்து செய்யாதீர்கள். வங்கிக் கணக்கில் 19,110 இல்லாமல் 17,199 மட்டும் இருந்தால் நாச் பகுதித் தொகையை எடுத்துக்கொள்ளாது, முழுவதுமாகத் திரும்பிவிடும். பவுன்ஸ் கட்டணம், தாமதக் கட்டணம் இரண்டும் சேரும். கடன் தகவல் அறிக்கையில் தாமத நாட்கள் உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் பதியும். இதைவிட மோசமானது, 'ஒழுங்காகக் கட்டினால் மட்டுமே இந்தச் சலுகை வட்டி' என்று ஒப்பந்தத்தில் ஏதாவது இருந்தால், வட்டியை உயர்த்த இல்லாத காரணத்தை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். பணத்தைக் கட்டிவிட்டு, 'கூடுதல் வட்டியை எதிர்ப்புக்கு உட்பட்டே செலுத்துகிறேன், இது சம்மதமாகாது' என்று ஒரே ஒரு இ-மெயில் அனுப்பிவையுங்கள். தவறு நிரூபணமானால் கூடுதலாகக் கட்டியது திரும்ப வரும். கெட்டுப்போன கடன் வரலாறு அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

என்ன நடந்தது என்பதைக் கணக்கே சொல்லும்

உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு தொகைகளே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. மாத வட்டியை 365-ஆல் பெருக்கி, 100-ஆல் பெருக்கி, அதை அசல் பெருக்கல் நாட்களால் வகுத்தால் ஆண்டு வட்டி விகிதம் கிடைக்கும். டிசம்பரும் ஜனவரியும் 31 நாட்கள். 17,199-ஐ வைத்துப் போட்டால் 11.25% வருகிறது. 19,110-ஐ வைத்துப் போட்டால் 12.50% வருகிறது. ஆக, கட்டணம் எதையும் சேர்க்கவில்லை, நாட்களைக் கூட்டிப் போடவில்லை, விகிதமே 1.25 சதவீதப் புள்ளி உயர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் போடாமல் புகார் எழுதுகிறவர்கள் பலர் தவறான இடத்தில் சண்டை போடுகிறார்கள். தொகை ஏறினால் விகிதம் ஏறியதுதான் காரணம் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு 365 நாட்களுக்குப் பதில் 360 என்று வைத்துக் கணக்கிட்டாலே, 18 லட்சத்துக்கு 11.25%-இல் 31 நாள் வட்டி 17,438 ஆகிவிடும். காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் விகிதம் அப்படியே இருக்க, அசல் வீங்கியிருக்கும். கட்டாத வட்டியை அசலில் ஏற்றினாலும் அதே கதை. மாத நடுவில் அடுத்த தவணை விடுவிக்கப்பட்டால் அந்த மாதத்தை இரண்டாகப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும். விடுவித்த நாளுக்கு முந்தைய நாட்களுக்குப் பழைய அசல், அதற்குப் பிந்தைய நாட்களுக்குப் புதிய அசல். இன்னொன்று, சில ஸ்டேட்மென்ட்களில் தெரிவது வட்டி விகிதமே அல்ல, ஏபிஆர் எனப்படும் மொத்த ஆண்டுச் செலவு விகிதம். செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் அடங்கும் என்பதால் அது எப்போதும் சற்று உயரமாகவே இருக்கும். அதைப் பார்த்து 'வட்டி ஏறிவிட்டது' என்று எழுதினால் முதல் பதிலிலேயே புகாரை மூடிவிடுவார்கள்.

நிறுவனத்தின் தளத்திலிருந்தோ கிளையிலிருந்தோ கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை உள்ள முழு ஸ்டேட்மென்ட்டை வாங்கி, ஒவ்வொரு மாதத்துக்கும் இதே கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாதத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பணம் கைமாறிய நாளிலிருந்து வட்டி போடாமல், கடன் அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்தோ வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் நியாயமற்றது என்று சொல்லி, அப்படி வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னது. வெளிநாட்டுக் கல்லூரிக்குப் பணம் அனுப்பும் கடன்களில் அனுமதிக்கும் விடுவிப்புக்கும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி இருப்பதால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

ரிசர்வ் வங்கி குறைத்தும் ஏன் ஏறுகிறது?

நீங்கள் கடன் வாங்கியபோது, ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 6.50%. 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று இறங்கியது. மொத்தம் 1.25 புள்ளி இறக்கம். உங்களுக்கோ அதே 1.25 ஏற்றம். கோபம் வருவது இயல்பு. ஆனால் இந்த வாதத்தைப் புகாரின் மையமாக வைக்காதீர்கள், அது நிற்காது.

காரணம் இதுதான். வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய ஃப்ளோட்டிங் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் கடன் ஒரு வங்கியில் இருந்திருந்தால் 2025-இல் வட்டி இறங்கியிருக்கும். என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை தாங்களே நிர்ணயிக்கும் ஒரு அடிப்படை விகிதத்தை, பிஎல்ஆர் என்றோ வேறு பெயரிலோ வைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து கூட்டியோ கழித்தோ உங்கள் வட்டி வருகிறது. அந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பெயர் ஸ்பிரெட்.

இங்கேதான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டுக்கு, அடிப்படை விகிதம் 14.75, ஸ்பிரெட் கழித்தல் 3.50 என்று வைத்துக்கொண்டால் 11.25 வரும். இப்போது 12.50 ஆனது எப்படி? அடிப்படை விகிதம் 16.00 ஆகியிருக்கலாம். அப்படியானால் அந்த நிறுவனத்தின் எல்லா ஃப்ளோட்டிங் கடன்தாரர்களுக்கும் ஏறியிருக்க வேண்டும், அதன் இணையதளத்தில் அறிவிப்பு இருக்க வேண்டும். அல்லது அடிப்படை விகிதம் அசையாமல், ஸ்பிரெட் மட்டும் கழித்தல் 2.25 ஆகியிருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஏதோ மாற்றியிருக்கிறார்கள், அதற்கு ஒப்பந்தத்தில் தனிக் காரணம் வேண்டும். இரண்டுக்கும் பில்லில் தெரியும் தொகை ஒன்றே. ஆனால் முதல் நிலையில் உங்கள் கை தாழ்ந்திருக்கும், இரண்டாவதில் உயர்ந்திருக்கும். எனவே 'ஏன் ஏற்றினீர்கள்' என்று கேட்பதில் பயனில்லை. 'அனுமதித்த நாள், முதல் தொகை விடுவித்த நாள், மாற்றிய நாள் ஆகிய மூன்று தேதிகளிலும் அடிப்படை விகிதம் எவ்வளவு, ஸ்பிரெட் எவ்வளவு, தனித்தனியாகச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள்.

கேஎஃப்எஸ் தாளைத் தேடி எடுங்கள்

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட எல்லாப் புதிய சில்லறைக் கடன்களுக்கும், 'கேஎஃப்எஸ்' எனப்படும் முக்கிய விவரத் தாளை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. உங்கள் கடன் டிசம்பரில் அனுமதிக்கப்பட்டதால் இந்த விதிக்குள் வருகிறது. அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், உள்ளடக்கத்தை விளக்கி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், கடன் ஒப்பந்தத்திலும் சுருக்கக் கட்டமாக இடம்பெற வேண்டும். கையெழுத்து போட்ட கட்டுக்குள் எங்கேயோ இருக்கும். அல்லது ஓடிபி போட்டு ஒப்புதல் கொடுத்த பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கும்.

அதில் ஃப்ளோட்டிங் கடனுக்கென்று தனிப் பகுதி உண்டு. அளவுகோலின் பெயர், அன்றைய அளவுகோல் விகிதம், ஸ்பிரெட், இரண்டும் சேர்ந்த இறுதி விகிதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்பது, விகிதம் 0.25 புள்ளி நகர்ந்தால் தவணை எவ்வளவு மாறும் என்பது எல்லாம் அந்தப் பகுதியில் இருக்க வேண்டும். மாற்றும் கால இடைவெளியை அளவுகோலுக்குத் தனியாகவும் ஸ்பிரெட்டுக்குத் தனியாகவும் எழுதும் அமைப்பு அது. இந்த ஒரு வரிக்காகவே தாளைத் தேட வேண்டும். அளவுகோலுக்கு 3 மாதம் என்று எழுதி, ஸ்பிரெட் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாலோ 'பொருந்தாது' என்று போட்டிருந்தாலோ, ஸ்பிரெட்டை மாற்றிய செயலை அவர்கள் நியாயப்படுத்துவது கடினம். அங்கே 12 மாதம் என்றிருந்து, அதற்குள் இரண்டு முறை மாற்றியிருந்தாலும் அப்படியே.

தாள் கிடைக்கவில்லையா? தரப்படவே இல்லையா? அதுவே புகாரின் முதல் வரி. கடன் ஒப்பந்தத்தின் பிரதியை எல்லா இணைப்புகளோடும் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை நெறிகளில் உள்ள பழைய விதி. கடன் ஆவணங்கள், சாங்ஷன் லெட்டர், கேஎஃப்எஸ் மூன்றையும் கேட்டு உடனே இ-மெயில் அனுப்புங்கள். அவர்கள் அனுப்பும் பிரதியில் உங்கள் கையெழுத்தோ மின்னணு ஒப்புதலின் நேரக்குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் தயாரித்த தாள் அங்கேதான் அகப்படும்.

சாங்ஷன் லெட்டரையும் வரி வரியாகப் படியுங்கள். 'விடுவிக்கும் நாளில் நடப்பிலுள்ள விகிதமே பொருந்தும்' என்ற வாக்கியம் பலவற்றில் உண்டு. 'நாச் பதிவு செய்தால் இத்தனை சலுகை', 'காப்பீடு எடுத்தால் இத்தனை சலுகை', 'வட்டியை உரிய நாளில் கட்டும்வரை இத்தனை சலுகை' என்று 11.25-ஐச் சலுகை விலையாகச் சொல்லியிருக்கலாம். காப்பீடு ஓராண்டுக்கு மட்டும் எடுத்து ஜனவரியில் காலாவதி ஆகியிருந்தால்? டிசம்பரில் எடுத்த கடனுக்கு ஓராண்டு முடிந்ததும் ஏற்றம் வந்திருக்கிறது என்பதால் இந்தச் சாத்தியத்தை உங்கள் விஷயத்தில் கட்டாயம் சோதிக்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் சண்டையைவிட, அந்த நிபந்தனையை நிறைவேற்றிச் சலுகையைத் திரும்பக் கேட்பதே வேகமான வழி.

அறிவிப்பு வந்ததா?

வட்டி உட்பட எந்த நிபந்தனையை மாற்றினாலும் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், மாற்றம் முன்னோக்கியே அமலாக வேண்டும், பின்தேதியிட்டு அல்ல என்று அதே நியாய நடைமுறை நெறிகள் சொல்கின்றன. அப்படி எதுவும் வந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. நிறுவனம் 'எஸ்எம்எஸ் அனுப்பினோம், இ-மெயில் அனுப்பினோம்' என்று தேதியோடு பதில் தரும் வாய்ப்பு அதிகம். கல்விக் கடனில் இது அடிக்கடி நடக்கும் சிக்கல். முதன்மைக் கடன்தாரர் மகள். பதிவு செய்தது அவளுடைய இந்திய எண். அந்த சிம் விமானம் ஏறியதிலிருந்து ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. இ-மெயில் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. புகார் அனுப்புவதற்கு முன் மகளின் இ-மெயிலில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு எல்லாப் பெட்டிகளிலும் தேடச் சொல்லுங்கள். 'எந்த அறிவிப்பும் வரவில்லை' என்று எழுதிய பிறகு அறிவிப்பு கிளம்பி வந்தால், மற்ற நியாயமான வாதங்களும் சேர்ந்து பலமிழக்கும்.

அறிவிப்பு கிடைத்தால் அதன் தேதியைப் பாருங்கள். ஜனவரி 16 அன்று வந்த அறிவிப்புக்கு ஜனவரி 1 முதல் புதிய வட்டி போட்டிருந்தால், இடைப்பட்ட 15 நாளைக்கு வாங்கிய கூடுதல் வட்டியைத் திரும்பக் கேட்கலாம். 18 லட்சத்துக்கு 1.25% என்பது நாளொன்றுக்கு சுமார் 62 ரூபாய். 15 நாளுக்கு 925. தொகை சிறியதுதான். ஆனால் தவறு நடந்தது என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட பதிவு அடுத்த சுற்றுப் பேச்சில் உதவும்.

2023 ஆகஸ்ட் 18 அன்று வந்த இன்னொரு சுற்றறிக்கையும் உண்டு. ஃப்ளோட்டிங் வட்டியுள்ள தவணைக் கடன்களில் விகிதம் மாறும்போது அதன் விளைவை உடனே தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தர வேண்டும், கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகள், ஆண்டு வட்டி ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை ஒவ்வொரு காலாண்டும் தர வேண்டும் என்கிறது அது. கல்விக் கடனும் அதன் வரையறைக்குள் வரும். ஆனால் நீங்கள் இன்னும் மாதத் தவணைக் கட்டத்துக்கு வராமல் வட்டியை மட்டும் கட்டுவதால், 'இது எங்களுக்குப் பொருந்தாது' என்று நிறுவனம் தட்டிக்கழிக்கலாம். அதனால் நியாய நடைமுறை நெறிகளையும் கேஎஃப்எஸ் விதியையும் முதலில் வைத்து, இதைத் துணையாக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளை நிறுவன வகைவாரியாகத் தொகுத்துவிட்டதால், பத்தி எண்களைக் குறிப்பிட்டுச் சிக்கிக்கொள்ளாமல் சுற்றறிக்கையின் பொருளையும் தேதியையும் எழுதினால் போதும்.

புகாரை எழுதும் முறை

கஸ்டமர் கேர் தொலைபேசியில் பேசியது எதற்கும் சாட்சியாகாது. நிறுவனத்தின் இணையதளத்தில் 'குறைதீர்ப்பு அலுவலர்' என்ற பெயரில் ஒரு இ-மெயில் முகவரி இருக்கும். கிளைகளிலும் அதை ஒட்டியிருக்க வேண்டும். அந்த முகவரிக்கே எழுதுங்கள். புகார் எண் வாங்குங்கள். அனுப்பும் முன் ஒரு வேலை: நிறுவனத்தின் தளத்தில் உள்ள வட்டிக் கொள்கை, அடிப்படை விகித அறிவிப்புகள் எல்லாவற்றையும் தேதியோடு தரவிறக்கி வையுங்கள். கோப்புகள் மாற்றப்படுவதும் காணாமல் போவதும் உண்டு.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'கடன் எண் ______. 2024 டிசம்பர் __ தேதியிட்ட அனுமதிக் கடிதப்படி ஆண்டு வட்டி 11.25%. 2025 டிசம்பர் வரை அதே விகிதத்தில் வட்டி வசூலிக்கப்பட்டது. 2026 ஜனவரி மாதத்துக்கு, அசல் 18,00,000 ரூபாயில் மாற்றமில்லாத நிலையில், 31 நாட்களுக்கு 19,110 ரூபாய் வசூலிக்கப்பட்டுள்ளது. இது ஆண்டுக்கு 12.50% ஆகிறது, கணக்கு இணைப்பில். இந்த மாற்றம் குறித்து முன்னறிவிப்பு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தர வேண்டுகிறோம்: அனுமதி, முதல் விடுவிப்பு, மாற்றம் ஆகிய மூன்று தேதிகளிலும் இருந்த அடிப்படை விகிதமும் ஸ்பிரெட்டும் தனித்தனியாக, மாற்றத்துக்கு அனுமதி தரும் ஒப்பந்தப் பிரிவு, அறிவிப்பு அனுப்பிய தேதி, வழி, எண் அல்லது முகவரி, கையொப்பமிட்ட கேஎஃப்எஸ் பிரதி. ஒப்பந்தப்படி மாற்றம் செல்லாது எனில் 11.25% விகிதத்தை மாற்றிய நாள் முதலே மீட்டு, கூடுதலாகப் பெற்ற தொகையை வசூலித்த தேதியிட்டே அசலில் வரவு வைக்க வேண்டுகிறோம். இடைக்காலத்தில் முழுத் தொகையையும் எதிர்ப்புக்கு உட்பட்டே செலுத்துகிறோம்.'

மகளும் நீங்களும் இருவருமே பெயர் போட்டு அனுப்புங்கள். அவளுடைய பதிவு இ-மெயிலிலிருந்து அனுப்பி உங்களுக்கு நகல் வைப்பது நல்லது. 'முதன்மைக் கடன்தாரரிடமிருந்து வரவில்லை' என்று திருப்பி அனுப்பும் சாக்கு போய்விடும்.

வரக்கூடிய பதில்களில் மூன்று வகை வழக்கமானவை. 'ஒப்பந்தத்தில் வட்டியை மாற்றும் முழு உரிமை எங்களுக்கு உண்டு' என்பது முதலாவது. உரிமை இருக்கலாம், அதைப் பயன்படுத்தும்போது அறிவிக்கும் கடமையும் இருக்கிறது, கேஎஃப்எஸ்-இல் எழுதிய இடைவெளியும் இருக்கிறது என்று மறுபடி எழுதுங்கள். 'கிரெடிட் ஸ்கோர் குறைந்ததால் ஸ்பிரெட் ஏறியது' என்பது இரண்டாவது. எந்தத் தேதி அறிக்கை, யாருடைய ஸ்கோர், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். மகள் வேறு எங்கும் கடன் வாங்காத மாணவி என்றால் இந்தக் காரணத்தை உங்கள் அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். 'ஒரு கட்டணம் செலுத்தினால் விகிதத்தைக் குறைத்துத் தருகிறோம்' என்பது மூன்றாவது, இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அந்தப் படிவத்தில் 'தற்போதைய விகிதம் 12.50% என்பதை ஏற்கிறேன்' என்ற வரி இருக்கும். கையெழுத்து போட்டால் பழைய கேள்வி அங்கேயே முடிந்துவிடும். கேஎஃப்எஸ்-இல் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்த படி: குறைதீர்ப்பாளர்

புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் (ஓம்புட்ஸ்மன்) திட்டத்தில் முறையிடலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே வாசல். சிஎம்எஸ் எனப்படும் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்கலாம். காலக்கெடு உண்டு என்பதால் பதில் வந்த பிறகு மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். நிறுவனத்தின் பதில் வராத நிலையில் 30 நாள் முடியுமுன் போனாலும் தள்ளுபடி ஆகும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தாலும் தள்ளுபடி ஆகும்.

தள்ளுபடிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் உங்களைப் போன்றவர்களின் புகார்களை விழுங்குவது. நிறுவனத்தின் வணிக முடிவுகளைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்க மாட்டார். 12.50% நியாயமா, மற்ற இடங்களில் 10% தானே, ரெப்போ இறங்கியதே என்று எழுதினால் 'இது வணிக முடிவு' என்று ஒரே வரியில் மூடிவிடலாம். 'ஒப்பந்தத்தில் எழுதிய இடைவெளியை மீறி மாற்றினார்கள்', 'அறிவிக்காமல் மாற்றினார்கள்', 'கேஎஃப்எஸ் தரவில்லை' என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. அதை அவர் விசாரித்தாக வேண்டும். ஒரே சம்பவம்தான். எந்தச் சொற்களில் வைக்கிறீர்கள் என்பதில் முடிவு மாறுகிறது. புகார்ப் படிவத்தின் சுருக்கப் பகுதியில் 'வட்டி அதிகம்' என்ற சொற்களே வர வேண்டாம்.

இணைப்பாக வைக்க வேண்டியவை: அனுமதிக் கடிதம், கேஎஃப்எஸ், ஸ்டேட்மென்ட், உங்கள் கணக்குத் தாள், நிறுவனத்துக்கு எழுதிய புகாரும் பதிலும். கணக்குத் தாளில் கேட்கும் தொகையைத் திட்டவட்டமாக எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் ஒப்பந்தப் பிரிவே ஒருதலைப்பட்சமானது, நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லி அதை நீக்கக் கேட்பதானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் அல்ல, மாநில ஆணையத்தில்தான் தொடுக்க முடியும். உங்கள் விஷயத்தில் குறைதீர்ப்பாளரை முதலில் முயல்வதே சரி.

தோற்கும் நிலையும் உண்டு

கேஎஃப்எஸ்-இல் அளவுகோல் நிறுவனத்தின் சொந்த பிஎல்ஆர் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்றும் தெளிவாக இருக்கிறது. பிஎல்ஆர் எல்லோருக்கும் ஒன்றாகவே ஏறியிருக்கிறது. மகளின் இ-மெயிலுக்கு டிசம்பரிலேயே அறிவிப்பு போயிருக்கிறது. இந்த மூன்றும் உண்மையானால் பணம் திரும்பக் கிடைக்காது. அப்போது புகாரில் நாட்களைக் கழிக்காமல் கடனை வேறிடத்துக்கு மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

யோசிக்க வேண்டிய அளவுக்குத் தொகை பெரியது. 30 லட்சமும் விடுவிக்கப்பட்டு, பத்தாண்டுத் தவணையில் கட்டுவதாக வைத்தால், 11.25%-க்கு மாதம் சுமார் 41,750 ரூபாய், 12.50%-க்கு 43,910. மாதம் 2,160 கூடுதல், பத்தாண்டில் ஏறக்குறைய 2.6 லட்சம். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால் 120 மாதம் 134 ஆகும். தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய ஃப்ளோட்டிங் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக்கூடாது என்ற தடை நிதி நிறுவனங்களுக்கு 2019 ஆகஸ்ட் முதலே இருக்கிறது. ஆகவே மாற்றும் செலவு என்பது புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணமும் ஆவணச் செலவும்தான். அரசு வங்கிகள் பெரிய தொகைக்குப் பொதுவாக அடமானம் கேட்கும். வீடோ மனையோ கொடுக்க முடிந்தால் வட்டி கணிசமாகக் குறையும். ஆனால் அடமானமில்லாத கடனை அடமானக் கடனாக்குவது குடும்பத்தின் சொத்தைப் பணயம் வைப்பது. ஒன்றேகால் புள்ளிக்காக மட்டும் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மூன்று புள்ளி இறங்குமானால் உட்கார்ந்து கணக்குப் போடலாம். எந்த முடிவானாலும், மாற்றும் கடிதத்தில் 'கூடுதல் வட்டி குறித்த எங்கள் புகாரைக் கைவிடவில்லை' என்ற வரியைச் சேருங்கள்.

இப்போது அவசரமாகக் கவனிக்க வேண்டியது, இன்னும் விடுவிக்க வேண்டிய 12 லட்சம். அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கும்போது, புதிய விகிதத்தை ஏற்பதாகச் சொல்லும் துணை ஒப்பந்தம் ஒன்றை மற்றத் தாள்களோடு சேர்த்து நீட்டவோ, செயலியில் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தச் சொல்லவோ கூடும். கட்டணக் கெடு நெருங்கியிருக்கும், மகள் அங்கிருந்து ஓடிபி சொல்லிவிடுவாள். இன்றே அவளிடம் பேசி வையுங்கள்: படிக்காமல் எந்த ஓடிபியும் தர வேண்டாம். கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே விடுவிப்புக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். துணை ஒப்பந்தம் இல்லாமல் விடுவிக்க மாட்டோம் என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கெடு தவறும் நிலை வந்தால் படிப்புதான் முக்கியம், கையெழுத்திடுங்கள். ஆனால் அதே நாளில், முடிந்தால் கையெழுத்துக்கு முன்பே, 'கட்டணக் கெடுவின் நெருக்கடியால் மட்டுமே ஒப்பமிடுகிறோம். புகார் எண் ______ நிலுவையில் உள்ளது' என்று இ-மெயில் போயிருக்க வேண்டும்.